கதை யார் கையில்? டேபிள்டாப் ரோல் பிளேயிங் கேமை நடத்த 4 வழிகள்

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் முதல் எபிசோடு ஞாபகம் இருக்கா? நான்கு பசங்க வீட்டு பேஸ்மென்ட்டில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கத்திக்கொண்டிருப்பார்கள். அவர்கள் விளையாடுவது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கதையை நடத்தும் மைக், இதற்கு இரண்டு வாரம் திட்டம் போட்டதாக அம்மாவிடம் சொல்வான்.

சரி, இரண்டு வாரம் யோசித்த கதையை நண்பர்கள் ஒரே நிமிடத்தில் வேறு பக்கம் திருப்பிவிட்டால்? ஒரு கேமை நடத்தும் பாணி என்பதே, இந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில்தான்.

முதலில் பேசிக்ஸ்

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய கேம்தான் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒருவர் கேம் மாஸ்டர். உலகத்தை விவரிப்பது, ஊர்க்காரர் முதல் வில்லன் வரை எல்லோருக்கும் குரல் கொடுப்பது அவர் வேலை. மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை பதில் சொல்லும்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். மலைக்கோட்டையில் ஒரு கொள்ளைக்கூட்டம் வணிகர் ஒருவரைக் கடத்தி வைத்திருக்கிறது. அவரை மீட்க வேண்டும். வாசலில் நின்று ஒரு பிளேயர் சொல்கிறார்: "சண்டையெல்லாம் வேணாம். தலைவன்கிட்டயே வேலைக்குச் சேர்ந்துடலாம்!" இப்போது கேம் மாஸ்டர் என்ன செய்வார்?

1. அம்பயர் பாணி

கோட்டையின் வரைபடம், காவலர் எண்ணிக்கை, பொறிகள் எல்லாம் முன்பே குறித்தாச்சு. கேம் மாஸ்டர் யார் பக்கமும் சாய மாட்டார். தலைவன் ஏமாறுகிற ஆள் என்றால் திட்டம் பலிக்கும். இல்லையென்றால் கதாபாத்திரம் காலி. கைகாக்ஸ் எழுதி 1978-ல் வெளியான 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' இதற்குப் பிரபலமான உதாரணம். அதில் சுவரில் ஒரு பச்சைப் பிசாசு முகம், வாய் திறந்திருக்கும். 'உள்ளே என்ன இருக்கு?' என்று நுழைந்தால் அதோடு கதை முடிந்தது. மூளைக்கு வேலை வேண்டும் என்பவர்களுக்கு இந்தப் பாணி பிடிக்கும்.

2. சினிமா பாணி

தொடக்கம், திருப்பம், கிளைமாக்ஸ் எல்லாம் ஏற்கெனவே ரெடி. 1984-ல் தொடங்கிய 'டிராகன்லான்ஸ்' சாகசங்கள் இந்த ரகம். கதைக்கு முக்கியமானவர்கள் பாதியில் செத்துவிடக் கூடாது என்பதற்காக, அவர்கள் உடல் கிடைக்காதபடி பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுகூட அதில் உண்டு. பின்னால் திரும்பி வரலாமே!

பெரிய வில்லன், பெரிய உணர்ச்சி என எல்லாம் இதில் கிடைக்கும். ஆனால், வேலைக்குச் சேர்வது ஸ்கிரிப்ட்டில் இல்லையென்றால் நீங்கள் என்ன பேசினாலும் தலைவன் ஒத்துக்கொள்ள மாட்டான். பிளேயர்களைத் தண்டவாளத்தில் ஏற்றிவிடும் இந்தப் பழக்கத்துக்கு 'ரயில்ரோடிங்' என்று பெயர்.

3. சாண்ட்பாக்ஸ் பாணி

இங்கே கதை கிடையாது, இடம்தான் உண்டு. கோட்டை பிடிக்கலையா? காட்டுக்குப் போகலாம். கேம் டிசைனர் பென் ராபின்ஸ் நடத்திய 'வெஸ்ட் மார்ச்சஸ்' இதில் ரொம்பப் பிரபலம். நிலையான நேரம் இல்லை, நிலையான குழுவும் இல்லை. பத்துக்கும் மேற்பட்ட பிளேயர்களில் யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர்களே நாள் குறித்து, எங்கே போவது என்றும் முடிவு செய்வார்கள். ஷிஃப்ட்டில் வேலை பார்க்கும் நண்பர் கூட்டத்துக்கு இது செட்டாகும். ஒரே சிக்கல், பிளேயர்கள் 'எங்க போறதுனு நீங்களே சொல்லுங்க' என்று உட்கார்ந்துவிட்டால் கேம் நகராது.

4. ஆடித் தெரிந்துகொள்ளும் பாணி

2010-ல் வின்சென்ட் பேக்கர், மெக்வே பேக்கர் தம்பதி வெளியிட்ட 'அபோகலிப்ஸ் வேர்ல்டு', கதையை முன்கூட்டியே எழுதாதே என்று கேம் மாஸ்டருக்கே விதி போட்டது. இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகையோடு கதாபாத்திரத்தின் திறன் எண்ணையும் சேர்த்து 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. 7 முதல் 9 வரை என்றால் வெற்றிதான், ஆனால் ஒரு விலை உண்டு. 6 அல்லது அதற்குக் கீழே என்றால் சிக்கல் வரும். நம் உதாரணத்தில் 8 விழுந்தால் தலைவன் வேலை தருவான், ஆனால் முதல் வேலையே அந்த வணிகரைக் காவல் காப்பதாக இருக்கலாம். அடுத்து என்ன என்பது கேம் மாஸ்டருக்கும் தெரியாது.

எது பெஸ்ட்?

நான்குமே நல்ல பாணிகள்தான். பிரச்னை வேறு இடத்தில் வருகிறது. இடது கதவா வலது கதவா என்று அரை மணி நேரம் விவாதித்து ஒன்றைத் திறக்கிறீர்கள். ராட்சசன் நிற்கிறான். உண்மையில் எந்தக் கதவைத் திறந்திருந்தாலும் அவன்தான் நின்றிருப்பான். 'பிளேயருக்குத் தெரியாதவரை என்ன தப்பு?' என்பது ஒரு தரப்பு வாதம். ஆனால் ஒரு தடவை தெரிந்துவிட்டால், அதுவரை எடுத்த முடிவுகளெல்லாம் பொய்யாகிவிடும். அதற்குப் பிறகு அந்த மேஜையில் யாரும் சீரியஸாக யோசிக்க மாட்டார்கள்.

தண்டவாளம் இருப்பதில் தப்பில்லை, அதை மறைத்துவிட்டு 'எங்க வேணா போங்க' என்று சொல்வதுதான் தப்பு. அதனால்தான் பல குழுக்கள் 'செஷன் ஜீரோ' வைக்கின்றன. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எந்தப் பாணி, கதாபாத்திரங்கள் சாகலாமா, எந்த விஷயங்கள் வேண்டாம் என்று பேசி முடித்துவிடுவார்கள்.

முதல் முறை நடத்தப் போகிறீர்களா? முழுக் கதையை எழுத வேண்டாம். கோட்டையில் யார் யார், அவர்களுக்கு என்ன வேண்டும், யாரும் தலையிடாவிட்டால் நாளை என்ன நடக்கும் என்று மூன்று குறிப்புகள் எழுதுங்கள். பிளேயர் வேலை கேட்டு வந்து நின்றாலும், தலைவன் என்ன சொல்வான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.