மரத்தில் ஏறிய இன்டர்நெட்!

குட்டீஸ், செல்போன் டவர் பார்த்திருப்பீர்கள். மரத்தையே டவர் ஆக்கிய கதை தெரியுமா?

நேபாள மலைக்கிராமமான நாங்கியைச் சேர்ந்தவர் மகாபீர் புன். அமெரிக்காவில் படித்துவிட்டு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த வந்துவிட்டார். பழைய உதிரிபாகங்களை மரப்பெட்டிக்குள் பொருத்தி, மாணவர்களுக்குக் கம்ப்யூட்டரும் செய்து கொடுத்தார். (வாத்தியார் என்றால் இப்படி இருக்கணும்!) ஓடைத் தண்ணீரில் சுழலும் சின்ன ஜெனரேட்டர் மின்சாரம் தந்தது. ஆனால், டெலிபோன் கம்பியே இல்லாத ஊருக்கு இன்டர்நெட் எப்படி வரும்?

வை-பை அலை எல்லாப் பக்கமும் சிதறுவதால்தான் வீட்டைத் தாண்டியதும் வலுவிழக்கிறது. டார்ச் வெளிச்சம் மாதிரி ஒரே திசையில் குவித்தால் பல கிலோமீட்டர் பாயும். நடுவில் மலை மறைக்கக் கூடாது, அவ்வளவுதான். இன்டர்நெட் இருந்த பொக்காரா நகரமும் கிராமமும் சேர்ந்து தெரிகிற மலைமுகட்டைத் தேடிப் பிடித்தார்கள். கோபுரம் கட்டப் பணம் ஏது? உயரமான மரத்தில் ஆன்டெனாவைக் கட்டினார்கள். சோலார் தகட்டில் கரண்ட்! அப்போது நேபாளத்தில் உள்நாட்டுப் போர் வேறு. பயந்து பயந்துதான் வேலை நடந்தது.

2003-ல் நாங்கிக்கு இன்டர்நெட் வந்தது. பிறகு பல கிராமங்களுக்கும் பரவியது. 2007-ல் புன்னுக்கு மகசேசே விருது கிடைத்தது. டாக்டரைப் பார்க்க மலையிறங்க வேண்டியிருந்த ஊர்க்காரர்கள், உள்ளூரிலேயே உட்கார்ந்து, கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த பொக்காரா டாக்டரிடம் "வயிறு வலிக்குது" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்!