வெளிச்சத்துக்கும் அளவு உண்டு

இரு துருவங்கள் – 9

ஹெர்பர்ட் கெர்ன் ஓர் அமெரிக்கப் பொறியாளர். தன் மனநிலையைப் பல ஆண்டுகளாகக் குறிப்பேடுகளில் எழுதிவந்தவர். பகல் குறையக் குறைய ஒடுங்கிப்போவார். வசந்தம் பிறந்தால் உற்சாகம் தலைக்கேறும். இதற்கும் வெளிச்சத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவருக்கே பட்டது. குறிப்பேடுகளோடு தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்களிடம் போனார். பிரகாசமான ஒளி மனித உடலில் மெலட்டோனின் என்ற இரவு ஹார்மோனின் சுரப்பை அடக்கும் என்று 1980இல் காட்டிய ஆல்ஃபிரட் லூயி அந்தக் குழுவில் இருந்தார். குளிர்காலத்தில் கெர்னைக் காலையும் மாலையும் பளீரென்ற விளக்குகளுக்கு முன் உட்காரவைத்து, பகலைச் செயற்கையாக நீட்டினார்கள். சில நாட்களிலேயே மனச்சோர்வு விலகத் தொடங்கியது.

1984இல் அதே நிறுவனத்தின் நார்மன் ரோசந்தால் 29 பேரை ஆராய்ந்து, பருவகால மனச்சோர்வை முதன்முறையாக விரிவாக விவரித்தார். பின்னாளில் அது ‘குளிர்காலச் சோகம்’ என்று சுருங்கிவிட்டது. அந்த 29 பேரில் பெரும்பாலோர் சோர்வும் மிகையெழுச்சியும் மாறிமாறி வரும் பைபோலார் நோயாளிகள், அதிலும் குறிப்பாக எழுச்சி மிதமாக இருக்கும் இரண்டாம் வகையினர். இதைப் பலரும் மறந்துவிட்டார்கள். குளிர்காலத்தில் சோர்ந்தவர்கள் கோடையில் என்ன ஆனார்கள் என்பதல்லவா முக்கியமான கேள்வி?

மிகையெழுச்சி, அதாவது மேனியாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுவோர் எண்ணிக்கை வசந்தத்திலும் கோடையிலும் கூடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. எல்லா நோயாளிகளுக்கும் இப்படி ஆவதில்லை. ஒரு பகுதியினருக்கு ஆகிறது. வெளிச்சத்துக்கு இதில் என்ன பங்கு? கண்ணின் விழித்திரையில் பார்வைக்காக அல்லாமல், மூளையின் கடிகாரத்துக்குப் பொழுதைச் சொல்வதற்கென்றே சில செல்கள் உள்ளன. அந்தப் பொழுதோ பருவத்துக்குப் பருவம் மாறும். ஆஸ்லோவில் டிசம்பர் கடைசியில் பகல் 6 மணி நேரம்கூட இல்லை. ஜூனில் ஏறக்குறைய 19 மணி நேரம். கடிகாரம் தடுமாறினால் முதலில் கெடுவது தூக்கம்.

மனநல ஆய்வாளர் தாமஸ் வேர் 1987இல் சொன்னது இதுதான்: தூக்கக் குறைவு மேனியாவின் அறிகுறி மட்டுமல்ல, அதைத் தூண்டிவிடும் காரணமும்கூட. பயணம், பிரசவம், துக்க வீடு, காதல் என்று எது ஆளைத் தூங்கவிடாமல் செய்தாலும் கதவு ஒன்றுதான். ‘தூக்கம் வரலையே’ என்று புலம்புபவரைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். மூன்று மணி நேரம் படுத்து எழுந்து, ‘இதுவே போதும்’ என்று வீட்டை ஒட்டடை அடிக்கக் கிளம்புபவரைப் பற்றித்தான் கவலை. வீட்டார் அதைப் பார்த்து, ‘பிள்ளை தேறிவிட்டான்’ என்று மகிழ்வதும் நடக்கிறது.

அப்படியானால் இருட்டு மருந்தாகுமா? வேர் அதையும் செய்துபார்த்தார். மனநிலை மிக விரைவாக மாறிக்கொண்டிருந்த ஒருவரைத் தினமும் 14 மணி நேரம் இருளில் ஓய்வெடுக்கவைத்து, பிறகு அதைப் படிப்படியாக 10 மணி நேரமாகக் குறைத்தார். அவருடைய தூக்கமும் மனநிலையும் நிலைப்பட்டன. 2016இல் நார்வேயின் டோனே ஹென்ரிக்சன் குழு, மேனியா நோயாளிகளுக்கு வழக்கமான மருந்துகளோடு, நீல ஒளியைத் தடுக்கும் ஆரஞ்சு நிறக் கண்ணாடியும் தந்தது. மாலை 6 மணி முதல் காலை 8 மணி வரை, ஒரு வாரம். சாதாரணக் கண்ணாடி அணிந்தவர்களைவிட இவர்களுக்கு மேனியா வெகுவாகத் தணிந்தது. சிறிய ஆய்வுதான், என்றாலும் புறக்கணிக்கக் கூடியதல்ல.

ஒளி விளக்கை இணையத்தில் வாங்கி இஷ்டத்துக்குப் பயன்படுத்துவது மட்டும் வேண்டாம். காலை நேர ஒளிச் சிகிச்சை சில பைபோலார் நோயாளிகளை, சோர்வும் மேனியாவும் ஒன்றாகக் கலந்த கலவை நிலைக்குத் தள்ளியதால்தான், ஆய்வாளர் டோரதி சிட்டின் குழு அதை நண்பகலுக்கு மாற்றியது. அதையும் மனநிலையைச் சீராக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கே கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டில் பகலின் நீளம் பெரிதாக மாறாது. சென்னையில் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் தூக்கத்தைக் கெடுக்க நம் கோடைக்கு வேறு வழிகள் உண்டு: புழுக்கம், நடுராத்திரி மின்வெட்டு, விடியவிடியத் திருவிழா, அதிகாலை முகூர்த்தம். மனநிலையைச் சீராக்கும் மருந்தான லித்தியம் எடுப்பவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. வியர்த்து உடலில் நீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறும். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் ஏற்றிவிடும். எனவே கத்திரி தொடங்குமுன் மருத்துவரைப் பார்த்து லித்தியம் அளவைப் பரிசோதியுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். உப்பைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். கை நடுக்கம் கூடினாலோ, வாந்தி, பேதி, தள்ளாட்டம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

(தொடரும்)