குப்பை மேட்டுக்கும் நாடி பார்க்கணும்!

மகன் வீட்டுக்கு நெய்வேலி வந்திருந்த பெரியவர் ஒருவர், மூட்டுவலித் தைலம் வாங்கிக்கொண்டே கேட்டார்: "ஏன் டாக்டர், சுரங்கத்துல அவ்வளவு பெரிய பள்ளம் கிடக்கே... ஊர்க் குப்பையை எல்லாம் அதுல கொட்டி மூடிட்டா என்ன?"

உங்களுக்கும் இது தோன்றியிருக்கும். ஆனால் நெய்வேலிப் பள்ளம் வெறும் பள்ளமில்லை. பழுப்பு நிலக்கரிக்குக் கீழே, மணற்பாறைக்குள் அழுத்தத்தோடு தண்ணீர் அடைந்து கிடக்கிறது. ராப்பகலாக பம்ப் வைத்து இறைக்காவிட்டால் சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். 1961-ல் நிலக்கரியை எட்டிய காலம்தொட்டு இந்த இறைப்பு நடக்கிறது. அந்தத் தண்ணீருக்குத் தலைமாட்டிலா குப்பையைப் போடுவது?

நாங்கள் கஷாயம் வைக்கும்போது சரக்கைத் தண்ணீரில் போட்டுச் சாரத்தை இறக்குகிறோம். குப்பை மேட்டில் மழை அதே வேலையைத்தான் செய்கிறது. அழுகிய காய்கறி, பழைய பேட்டரி, பெயின்ட் டப்பா, காலாவதியான மாத்திரை எல்லாம் ஊறி, கறுப்பாக ஒரு தண்ணீர் கீழே இறங்கும். அதிலுள்ள கிருமி கிணற்றில் கலந்தால் பேதி வரும். காரீயம் கலந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதற்கு என்னிடம் சூரணம் கிடையாது. இடத்தைச் சரியாகப் பார்ப்பதுதான் வைத்தியம்.

அதை எப்படிப் பார்க்கிறார்கள்? மண், பாறை, நிலத்தடி நீர் மட்டம், சரிவு, ஏரி, வீடுகள், சாலை என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம் போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். 1960-களில் அமெரிக்காவில் இயான் மெக்ஹார்க் கண்ணாடித் தாளில் செய்ததை இன்று கம்ப்யூட்டர் செய்கிறது. ஆகாத இடங்கள் முதலில் கழிந்துவிடும். 2016-ல் வந்த மத்திய அரசு விதிகள் ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளம், குடியிருப்பு, குடிநீர்க் கிணறு இவற்றிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்கச் சொன்னன. விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர். தனி அனுமதி வாங்கினால் 10-க்கு மேல் போதும். (குப்பைக்கு வரும் பறவை விமானத்தில் மோதும் என்பதால். நம்ம ஊரிலும் ஓடுதளம் இருக்கிறதே!)

மிஞ்சிய இடங்களில் எது மேல் என்பதற்குத்தான் நிபுணர்கள். 1970-களில் தாமஸ் சாட்டி என்ற கணித அறிஞர் சொன்ன வழி: இரண்டிரண்டாக ஒப்பிடு. தண்ணீர் முக்கியமா, சாலை வசதியா? எத்தனை மடங்கு? ஒன்று முதல் ஒன்பதுவரை மதிப்பெண். முன்னுக்குப்பின் முரணாகச் சொன்னால் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் லாரிச் செலவைப் பெரிதாக நினைப்பவர் போடும் மதிப்பெண் வேறு, அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பவர் போடுவது வேறு. அந்தக் குழுவில் உள்ளூர்க்காரர் ஒருவராவது உட்கார வேண்டும் என்பது என் கட்சி. சென்னையில் 'சும்மா கிடக்கிற இடம்' என்று நினைத்துப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில், பெருங்குடியில் கொட்டினார்கள். அந்தச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் ஏறியது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் வேலை கோடிக்கணக்கில் செலவு வைத்தது.

நம் பக்கத்து முந்திரிக்காட்டுச் செம்மண் மேடும் பார்வைக்குச் சும்மா கிடப்பதுபோலத்தான் இருக்கும். அங்கே இறங்குகிற மழைதான் அடியிலிருக்கும் மணற்பாறைக்குப் போகிறது.

உங்கள் ஊரில் குப்பைக்கு இடம் பார்க்கிறார்களா? கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அங்கே எத்தனை அடியில் தண்ணீர்? கோடையில் அளந்த கணக்கைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.