‘எங்கள் ஊரில் தொற்று இல்லை’ என்பதன் பொருள் என்ன?

தமிழ்நாட்டில் முதல் கொரோனா தொற்று 2020 மார்ச் 7 அன்று அறிவிக்கப்பட்டது. தருமபுரி மாவட்டத்திலோ, ஏப்ரல் நடுப்பகுதி கடந்த பின்னரும் ஒருவருக்கும் தொற்று உறுதியாகவில்லை. ‘நம் ஊரில் நோய் இல்லை’ என்று பலரும் ஆறுதல் அடைந்தனர். பின்னர் இங்கும் தொற்று கண்டறியப்பட்டது.

எண் எதைக் குறிக்கிறது?
அன்றாட அறிக்கையில் வந்த எண், பரிசோதனையில் உறுதியானவர்களை மட்டுமே குறித்தது. கிருமி உடலில் புகுந்தபின் அறிகுறி தோன்ற 14 நாட்கள் வரை ஆகலாம் என அப்போது கணக்கிடப்பட்டது. சிலருக்கு அறிகுறியே தோன்றாது. ஊரடங்கிலும் அத்தியாவசியப் பொருள் ஏற்றிய லாரிகள் இம்மாவட்டத்தின் வழியே ஓடின. ஆகவே ‘பூஜ்ஜியம்’ என்பது ‘இதுவரை கண்டறியப்படவில்லை’ என்று மட்டுமே பொருள்படும்.

பெயரைப் பரப்பாதீர்கள்
தொற்றுக்குள்ளானவரின் பெயரையும் தெருவையும் வாட்ஸ்அப்பில் பரப்பினால், அடுத்தவர் தம் காய்ச்சலை மறைப்பார். மருத்துவமனைக்குத் தாமதமாக வருவார். முதியோருக்கும், நீரிழிவு, இரத்தக்கொதிப்பு உள்ளோருக்கும் அத்தாமதம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை
• ஊரில் தொற்று இல்லை எனினும், காய்ச்சல், இருமல் இருந்தால் முகக்கவசம் அணிந்து தனி அறையில் இருங்கள்.
• வெளியூர்ப் பயணத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.
• நாள்பட்ட நோய்க்கான மாத்திரைகளை அச்சத்தால் நிறுத்தாதீர்கள்.
• ஐயம் எழுந்தால் 104 எண்ணில் கேளுங்கள். மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே 108 எண்ணை அழையுங்கள்.