உப்பு ஜாடியும் ஊர்க் கிணறும்

உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். வெள்ளை வெளேரென்று எவ்வளவு சாதுவாக இருக்கிறது! ஆனால் அதைப் பிரித்தால் வருகிற இரண்டுமே பொல்லாதவை. ஒன்று சோடியம், தண்ணீர் பட்டால் சீறிக்கொண்டு கிளம்பும் உலோகம். மற்றது க்ளோரின், 1915-ல் ஐரோப்பிய யுத்தத்தில் சிப்பாய்களை மூச்சுத் திணற அடித்துக் கொன்ற விஷ வாயு. இவை இரண்டும் கைகோத்த பிறகுதான் நம் ரசத்துக்கு ருசி பிறக்கிறது. தாய் தகப்பனைப் பார்த்துப் பிள்ளையின் குணத்தை முடிவு கட்டும் வழக்கம் ரசாயனத்தில் செல்லாது!

ஆப்ப சோடாவில் சோடியம், ஜலவாயு, கரி, பிராணவாயு என்று நான்கு மூலகங்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் கால்சியம், பிராணவாயு, ஜலவாயு. "இதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பாடமாயிற்றே, அடுப்பங்கரையில் எதற்கு?" என்று கேட்கிறீர்களா, சகோதரிகளே? கிருஷ்ணகிரி ஜில்லாவுக்கு வாருங்கள், சொல்கிறேன்.

ஓசூரிலிருந்து தளி வழியாகப் போனால் ஜவளகிரி. யானைகள் நடமாடும் காடு, ஓரத்தில் கேழ்வரகுக் கொல்லைகள், சற்றுத் தள்ளிக் கர்நாடக எல்லை. இந்த ஜில்லா முழுவதற்கும் அஸ்திவாரம் கருங்கல். பாலிஷ் போட்டுப் பல தேசங்களுக்கு ஏற்றுமதியாகும் அதே கல்தான். அந்தப் பாறையில் சில தாதுக்களுக்குள் ஃப்ளோரின் என்ற மூலகம் அடங்கிக் கிடக்கிறது. தனியாக அது மகா முரடு. அதைப் பிரித்தெடுக்க முயன்று விஞ்ஞானிகள் சிலர் உயிரையே விட்டார்கள். கடைசியில் 1886-ல் மொய்சான் என்ற பிரெஞ்சுக்காரர் வெற்றி பெற்றார். கல்லிடுக்கில் வருஷக்கணக்கில் ஊறும் ஜலத்தில் இது ஃப்ளோரைடாகக் கரைந்து வருகிறது. நிறமில்லை, வாசனையில்லை, ருசியுமில்லை.

நம் பல்லும் எலும்பும் கால்சியம், பாஸ்பரஸ், பிராணவாயு, ஜலவாயு சேர்ந்த ஒரு கூட்டுப் பொருள். ஃப்ளோரைடு அதற்குள் புகுந்து இடம் பிடித்துக்கொள்ளும். கொஞ்சமாக இருந்தால் பல்லுக்கு உறுதி. பற்பசையில் சேர்ப்பது அதற்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் வம்பு. ஈறுக்குள் பல் வளருகிற வயதில் குழந்தைகள் அதைக் குடித்தால் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கல்யாணப் பேச்சு நடக்கும்போது வாயைத் திறந்து சிரிக்கத் தயங்கும் பெண்ணிடம், "சரியாகப் பல் தேய்க்கவில்லை" என்று பழி போடுவது எத்தனை அநியாயம்! இன்னும் அதிகமாக, பல வருஷங்கள் குடித்தால் முதுகும் மூட்டும் இறுகிவிடும். சென்னை மாகாணத்தில் இந்த வியாதியை டாக்டர்கள் கண்டு எழுதியது 1937-ல்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி ஜில்லாக்களுக்காக ஒகேனக்கல்லிலிருந்து காவிரி ஜலத்தைக் கொண்டுவரும் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் எழுந்து, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. குழாயில் காவிரி வந்தால் அதையே குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் துணி துவைக்கப் போதும்.

"காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். ஆகாது. கிருமி சாகும், ஃப்ளோரைடு சாகிற பொருளல்ல. தண்ணீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட, மிஞ்சிய ஜலத்தில் அதன் அளவு கூடத்தான் செய்யும். பாத்திரத்தில் உப்புப் படியாத மெல்லிய நீர் என்றால் நல்லது என்பதும் ஏமாற்றம்தான். கால்சியம் குறைந்த நீரில்தான் பல சமயம் ஃப்ளோரைடு அதிகம் கரைந்து நிற்கும். மழை நீரில் இந்தத் தொல்லை அநேகமாகக் கிடையாது. கேழ்வரகுக் களியும் பாலும் நெல்லிக்காயும் சாப்பிடுகிறவர்களுக்குக் கெடுதல் ஓரளவு குறையும். கேழ்வரகில் கால்சியம் தாராளம்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச் சாலைகளில் உங்கள் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி வைத்திருக்கும் சீட்டை நம்பாதீர்கள். பாறை மாறினால் அடுத்தடுத்த கிணறுகளிலேயே அளவு மாறும்.