தாமதம் என்றால் தட்டு, ரத்து என்றால் துட்டு

சென்னையிலிருந்து தில்லிக்கு இரவு 9.40 மணி விமானம். ஒன்பது மணிக்கு செல்போனில் ஒரு செய்தி வந்தது: 10.50. பத்தரைக்கு இன்னொன்று: 12.15. பன்னிரண்டாகக் கால் மணி இருக்கும்போது மூன்றாவது: 1.30. எதிலும் காரணம் இல்லை. 'செயல்பாட்டுக் காரணங்களால்' என்ற ஒரே வாசகம். குழந்தைகள் நாற்காலிக்கு அடியில் துண்டு விரித்துத் தூங்கிவிட்டன.

என் பக்கத்தில் மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். மனைவியோடு ஹரித்வார் போகிறார். மூன்றாவது செய்தியைப் பார்த்ததும் கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஓர் அச்சுத்தாளை எடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் போனார். சத்தம் போடவில்லை.

"இப்போ மூணு மணி நேரம் தாண்டுதும்மா. சாப்பாடு எங்கே?"

"ஸ்நாக்ஸ் சொல்லியிருக்கோம் சார்."

"எப்போ சொன்னீங்க?"

அந்தப் பெண் பதில் சொல்லாமல் போனை எடுத்தார். பத்து நிமிடத்தில் அட்டைக் கோப்பை உப்புமாவும் ஆளுக்கொரு ஜூஸ் பாக்கெட்டும் வந்தன. அதுவரை அரை மணி நேரமாக அதே கவுன்டரில் கத்திக்கொண்டிருந்த இளைஞர்களுக்குத் தண்ணீர்கூடக் கிடைத்திருக்கவில்லை.

அவர் கையிலிருந்தது டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகத்தின் விதி. 2010இல் வந்தது, பிறகு திருத்தப்பட்டது. பயணி நேரத்துக்கு செக்-இன் செய்திருந்து விமானம் தாமதமாகும் என்றால், பயண நேரம் இரண்டரை மணிக்குள் இருக்கும் விமானத்துக்கு 2 மணி நேரத் தாமதத்திலேயே உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். சென்னை - மதுரை, சென்னை - ஹைதராபாத் எல்லாம் இந்தக் கணக்கு. இரண்டரை முதல் 5 மணி வரையுள்ள பயணத்துக்கு 3 மணி நேரத் தாமதம். தில்லி இதில் வரும். அதற்கும் நீண்ட பயணத்துக்கு 4 மணி நேரம்.

அடுத்த படி 6 மணி நேரம். உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால், புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே பயணிக்குச் சொல்லி, ஆறு மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானமோ முழுப் பணமோ எது வேண்டும் என்று கேட்க வேண்டும். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் ஓட்டல் அறையும் போக்குவரத்தும் நிறுவனத்தின் செலவு. பகல் விமானமென்றால் 24 மணி நேரம் தாண்ட வேண்டும்.

எங்கள் விமானம் கடைசியில் 4.05க்குக் கிளம்பியது. ஆறு மணி இருபத்தைந்து நிமிடம் தாமதம். அறை கிடைத்ததா? இல்லை. அந்த இரவில் யாருமே 'ஆறு மணி நேரம்' என்று சொல்லவில்லையே. ஒரு மணி, ஒன்றேகால் மணி என்று தவணை தவணையாகத் தள்ளினால் எந்தத் தவணையும் எந்த வரம்பையும் தொடாது. தொடும்போது எல்லோரையும் ஏறச் சொல்லிவிடுவார்கள். எப்போதும் இது திட்டமிட்ட தந்திரம் என்று சொல்ல மாட்டேன். கவுன்டரில் நிற்பவருக்கே பெரும்பாலும் தெரியாது. ஆனால் விளைவு ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள், விமான நிலையத் திரையைப் படமெடுத்து வையுங்கள். பிறகு வாதாட அதுதான் சாட்சி.

இங்கே பலரும் ஏமாறும் ஓர் இடம் உண்டு. எத்தனை மணி நேரம் தாமதமானாலும், இந்திய விதிப்படி பயணிக்கு இழப்பீட்டுப் பணம் கிடையாது. சோறு, அறை, டிக்கெட் பணம், அவ்வளவுதான். இழப்பீடு வருவது விமானம் ரத்தானால், அல்லது இடம் இல்லை என்று உங்களை ஏற்றாமல் விட்டால். 'தாமதம்', 'ரத்து' என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே பல ஆயிரம் ரூபாய் இருக்கிறது.

ரத்து என்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பாவது சொன்னால் மாற்று விமானமோ முழுப் பணமோ கொடுத்துத் தப்பிக்கலாம். அதையும் செய்யாவிட்டால், நீங்கள் ஒப்புக்கொள்ளும் மாற்று விமானம் தர வேண்டும். இல்லையென்றால் முழுப் பணத்தோடு இழப்பீடும். பயண நேரம் ஒரு மணிக்குள் இருந்தால் 5,000 ரூபாய், இரண்டு மணிக்குள் 7,500, அதற்கு மேல் 10,000. ஆனால் அந்தத் தொகையோ, ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையோ, எது குறைவோ அதுதான். 2,900 ரூபாய் சலுகை டிக்கெட்டில் போகிறவர் பத்தாயிரத்தை எதிர்பார்த்து உட்கார வேண்டாம்.

அளவுக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டு உங்களை ஏற்ற மறுத்தால் தொகை கூடுதல். முதலில் தாமாக விட்டுக்கொடுப்பவர் யாராவது உண்டா என்று கேட்க வேண்டும். யாரும் இல்லாமல் உங்களை நிறுத்தினால், ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் கொடுத்தால் பணமில்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் அடிப்படைக் கட்டணத்தைப்போல இரு மடங்கும் எரிபொருள் கட்டணமும், அதிகபட்சம் 10,000. அதற்கும் மேல் போனால் நான்கு மடங்கும் எரிபொருள் கட்டணமும், அதிகபட்சம் 20,000. ரொக்கமாகவோ வங்கியிலோதான் தர வேண்டும். வவுச்சர் தருவதென்றால் உங்கள் கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும். 'இதில் ஒரு சைன் போடுங்க' என்று நீட்டும் தாளைப் படிக்காமல் போடாதீர்கள்.

நிறுவனங்களுக்கும் ஒரு கேடயம் உண்டு: 'அசாதாரணச் சூழ்நிலை'. வெள்ளம், கலவரம், மூடுபனி, பாதுகாப்பு அச்சுறுத்தல், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டால் வரும் தடை ஆகியவற்றுக்கு இழப்பீடு கிடையாது. நியாயம்தான், மூடுபனிக்கு யார் பொறுப்பு? 2006 டிசம்பரில் தில்லியிலிருந்து ஹைதராபாத் கிளம்ப வேண்டிய ஒரு பயணி மூடுபனியால் மணிக்கணக்கில் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்து, வழக்குப் போட்டார். 2011இல் உச்ச நீதிமன்றம் பனித் தாமதத்துக்கு இழப்பீடு இல்லை என்று சொன்னது. ஆனால் காத்திருக்கும் பயணியின் அடிப்படைத் தேவைகளை நிறுவனம் கவனித்தே ஆக வேண்டும் என்றும் சொன்னது. 'வழக்கை தில்லியில்தான் போட வேண்டும்' என்ற டிக்கெட் நிபந்தனையைக் காட்டி ஹைதராபாத் நிரந்தர மக்கள் நீதிமன்றத்தைத் தடுக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது. அந்த ஒரு வரி நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிய வரம்.

எல்லாத் தாமதமும் மூடுபனி அல்ல. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி நாடே தவித்தது. விமானிகளின் ஓய்வு நேரத்துக்கான புதிய விதிகளுக்கு ஏற்பப் பணிப்பட்டியல் போட முடியாமல் போனதே பெரிய காரணம். முன்கூட்டியே தெரிந்த விதிக்கு ஆள் ஏற்பாடு செய்யாததை வானத்தின் மேல் பழி போட முடியாது என்பது என் கருத்து. அதனால்தான் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும்.

வெளிநாட்டுப் பயணத்தில் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, அங்கிருந்து கிளம்பும் எந்த நிறுவன விமானத்துக்கும், அங்கே வந்து சேரும் ஐரோப்பிய நிறுவன விமானத்துக்கும் தாமதத்துக்கே பணம் உண்டு. சேர வேண்டிய ஊரை 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக அடைந்தால், 3,500 கிலோமீட்டரைத் தாண்டிய பயணத்துக்கு 600 யூரோ; நான்கு மணிக்குள் என்றால் அதைப் பாதியாகக் குறைக்கலாம். பாரிஸிலிருந்து வளைகுடா நிறுவன விமானத்தில், ஒரே டிக்கெட்டில் சென்னைக்கோ கொழும்புக்கோ வரும் நம்மவர்களுக்கு இது பொருந்தும். திரும்பிப் போகையில் அதே நிறுவனம் என்றால் பொருந்தாது. சென்னையிலிருந்து லுஃப்தான்சாவில் ஃபிராங்க்ஃபர்ட் போனால் போக, வர இரண்டுக்கும் உண்டு. லண்டன் விமானங்களுக்குப் பிரிட்டனின் தனிச் சட்டம், நீண்ட பயணத்துக்கு 520 பவுண்டு வரை.

சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் போகிறவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை. இந்தியா 2009இல் சேர்ந்தது. இதில் நிர்ணயித்த தொகை கிடையாது. தாமதத்தால் உங்களுக்கு என்ன செலவானது என்று ரசீது காட்ட வேண்டும். தவிர்க்க இயன்றதையெல்லாம் செய்தோம் என்று நிறுவனம் நிரூபித்தால் தப்பித்துக்கொள்ளும். பெட்டி தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள், சேதமாகி வந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். வழக்குக்கு 2 ஆண்டு.

திருச்சியிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இருநூறு, முந்நூறு மிச்சம் என்று இரண்டு துண்டு டிக்கெட்டாக எடுப்பதைப் பார்க்கிறேன். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அதை ஈடுகட்டும் கடமை முதல் நிறுவனத்துக்கு இல்லை. ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே டிக்கெட்டில், இருந்தால் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் தலைவலி.

புகாரை முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளம், அல்லது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இதற்கும் இரண்டே ஆண்டுதான் கெடு.

ஆணையம் டிஜிசிஏ பட்டியலோடு நிற்க வேண்டியதில்லை. சேவைக் குறைபாட்டால் ஆன நட்டத்தையும் மன உளைச்சலையும் சேர்த்தே பார்க்கும். ரயில் நான்கு மணி நேரம் தாமதமாகி ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட குடும்பத்துக்கு 30,000 ரூபாய் தரச் சொன்ன உத்தரவை 2021இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தாமதத்துக்கான காரணத்தை ரயில்வேயால் நிரூபிக்க முடியவில்லை.

எங்கள் பெரியவருக்கு நடந்தது இதன் தலைகீழ். விமானம் தில்லியில் இறங்கும்போது ஏழு. ஹரித்வாருக்கு அவர் பிடிக்க வேண்டிய டேராடூன் சதாப்தி ரயில் 6.45க்கே போய்விட்டது. அதற்கு முன்பே, ஏறும் வரிசையில் நின்றபோதே, கவுன்டர் பெண்ணிடம் தாமதச் சான்று கேட்டிருந்தார். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார் அவர். "கேளும்மா, நான் நிக்கிறேன்" என்று வரிசையைவிட்டு விலகி நின்றார். கடைசி ஆளாக ஏறும்போது கையில் தாள் இருந்தது.

ஒரு மாதம் கழித்துப் போனில் பேசினேன். ரயில் டிக்கெட், டாக்சி ரசீது, சான்று எல்லாம் சேர்த்து அனுப்பியிருந்தாராம். ஆறு மாதத்துக்குள் பறக்கும்படி வவுச்சர் தருவதாகப் பதில் வந்திருக்கிறது.

"பேங்க்லதான் போடணும்னு எழுதிட்டேன் சார்" என்றார். "வாசகத்தைச் சொல்றேன், ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க."