காவிரிக் கரையின் ஆறு பருவங்கள்

கோடை பிறந்துவிட்டால் நம்மவர்க்கு உதகமண்டலத்தின் ஞாபகம் வந்துவிடுகிறது. விடுமுறை கிடைத்தாலோ கன்னியாகுமரிக் கடல் கண்முன் நிற்கிறது. ரயிலில் இடம் தேடி, விடுதியில் அறை தேடி, கூட்டத்தில் முண்டியடித்து இயற்கையைக் கண்டு திரும்புகிறோம். அப்படிப் போவதை நாம் குறை கூறவில்லை. ஆனால், வாசலில் ஓடும் ஆற்றையும் கொல்லையில் கூவும் பறவையையும் பெயர் சொல்லி அறியாதவர், தூரத்து இயற்கையை எவ்வளவுதான் அனுபவித்துவிட முடியும்? பக்கத்து வீட்டு நெசவாளி நெய்ததை உடுத்துவது சுதேசியத்தின் முதல் பாடம். பக்கத்து ஆற்றைக் கண்டு மகிழ்வது அதற்கு அடுத்த பாடம் என்போம்.

ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் கிழக்குக் கரையில் இருப்பது பள்ளிபாளையம். முன்பு சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில் அமைந்த ஊர். தறியோசை ஓயாத தெருக்கள், காகித ஆலை, கரும்பாலை இவையே இதன் அடையாளங்கள். உல்லாச யாத்திரைக்கு உரிய ஸ்தலம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடற்கரை இல்லை; மலைவாசம் இல்லை. இருப்பது காவிரி ஒன்றுதான். அது போதாதா?

இளவேனிலும் முதுவேனிலும்

சித்திரையில் வேப்பம்பூ உதிர்ந்து வாசலெல்லாம் மணக்கிறது. புங்கமரம் பளபளக்கும் இளந்தளிருடன் நிற்க, கொன்றை பொன்னைச் சொரிகிறது. விடியுமுன்பே குயில் கூவத் தொடங்குகிறது. கூவுவது கருநிறமும் சிவந்த கண்ணும் உடைய ஆண் குயில். புள்ளிகள் நிறைந்த பெண் குயிலோ காக்கை அயர்ந்த வேளை பார்த்து, அதன் கூட்டில் முட்டையிட்டுவிட்டு நழுவிவிடும். இந்த நாடகத்தைக் காண நுழைவுச் சீட்டு வேண்டாம். கொல்லையில் ஒரு வேம்பு இருந்தால் போதும்.

ஆனி பிறந்ததும் ஊரின் கண்கள் மேற்கே திரும்புகின்றன. குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை, 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை நோக்கி வருகிறது. 120 அடி உயரம் நீர் தேங்கும் அணை அது. நீர் போதுமான அளவு இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12-ஆம் தேதி டெல்டாப் பாசனத்துக்காகத் திறப்பது வழக்கம். பவானியில் துணையாற்றையும் சேர்த்துக்கொண்டு காவிரி பள்ளிபாளையத்தை எட்டும்போது, ஆடிப் பதினெட்டுக்கு முளைப்பாரியும் மஞ்சளும் ஏந்திய பெண்கள் படித்துறையில் காத்திருக்கிறார்கள். அவள் கோபமுற்றும் வருவதுண்டு. 2018-லும் 2022-லும் கரையோரத் தெருக்களுக்குள் வெள்ளம் புகுந்ததை ஊரார் மறக்கவில்லை.

காரும் கூதிரும்

“ஆடிப் பட்டம் தேடி விதை” என்ற பழமொழி வயலுக்கு மட்டும் உரியதன்று. இரண்டு முழம் கொல்லை உள்ள வீட்டிலும் அவரையும் பீர்க்கும் ஊன்றிப் பந்தல் கட்டலாம். ஆவணி, புரட்டாசியில் கொடி படர்ந்து பூக்கும்போது தேன்சிட்டு வந்து சேருகிறது. அதற்குச் செம்பருத்தி ஒன்றும் இருந்துவிட்டால் விருந்துதான்.

நெசவாளர் ஊருக்கு ஏற்ற பறவை ஒன்று உண்டு. அதுதான் தூக்கணாங்குருவி. மழைக்காலத்தில் ஆண் குருவி நெல்லோலையையும் கரும்புத் தோகையையும் நாராகக் கிழித்து, பனையிலும் தென்னையிலும் கூடு பின்னுகிறது. பாதி நெய்ததும் பெண் குருவி வந்து பரிசோதிக்கிறது. பிடித்தால் குடித்தனம், பிடிக்காவிட்டால் தச்சன் வேறு கூடு தொடங்க வேண்டியதுதான். தறியில் அமர்ந்து நாள் முழுதும் உழைப்பவர்க்கு இந்தக் காட்சியில் ஒரு சொந்தம் தோன்றாமல் இராது.

ஐப்பசியில் விருந்தாளிகள் வருகிறார்கள். வடக்கிலிருந்து வாலாட்டிக் குருவி வந்து, ஈர மணலில் வாலை மேலும் கீழும் அசைத்தபடி ஓடுகிறது. தகைவிலான்கள் மின்கம்பியில் வரிசையாக அமர்கின்றன. பவழமல்லி இரவில் மலர்ந்து விடியலில் தரையெங்கும் பரவிக் கிடக்கிறது.

முன்பனியும் பின்பனியும்

மார்கழி விடியலில் ஆற்றின்மேல் பனிப்படலம் நிற்க, ரயில் பாலம் பாதி மறைந்து பாதி தெரிவது ஓர் அழகு. ஓடப்பள்ளிக் கதவணையில் மின்சாரத்துக்காகத் தேக்கிய நீரில் நீர்க்காகங்கள் முழுகி எழுந்து, பாறையில் சிறகு விரித்துக் காய்கின்றன. அரை நாள் ஒதுக்க முடிந்தவர்கள் ஈரோட்டுக்கு அப்பால் ஏறக்குறைய 15 கிலோமீட்டரில் உள்ள வெள்ளோடு ஏரிக்குப் போகலாம். சுமார் 77 ஹெக்டேர் பரப்புள்ள அச்சரணாலயத்தில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடுகின்றன. 2022-ல் அது ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்து உலகப் புகழ் பெற்றது. தை, மாசியில் அவரை காய்த்து ஓய, பங்குனியில் வேம்பு மீண்டும் அரும்புகிறது. ஆண்டுச் சக்கரம் ஒரு சுற்று முடிகிறது.

ஆற்றுக்கு நேர்ந்தது

இத்தனையும் சொன்ன பிறகு, கரையில் நிற்பவர் கண்ணில் படும் மற்றொன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அனுமதியின்றி இயங்கும் சாயப்பட்டறைகளின் கழிவு நீர் இரவோடிரவாக ஆற்றில் கலக்கிறது. அதிகாரிகள் பட்டறைகளை இடிப்பதும், அவை வேறிடத்தில் முளைப்பதும் வாடிக்கையாகிவிட்டன. வீட்டுச் சாக்கடையும் சேரச் சேர, தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை தேங்கிய நீரை மூடிப் படர்கிறது. அதன்மேல் தாழைக்கோழி நடந்து இரை தேடலாம். ஆனால் மீன் கண்ணுக்குத் தெரியாத நீரில் மீன்கொத்திக்கு என்ன வேலை? ஒளியும் பிராணவாயுவும் குறைந்த நீரில் மீனுக்குத்தான் என்ன வாழ்வு?

நொய்யலின் கதை நமக்குத் தெரியாததன்று. பாசனத்துக்கென்று 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூரின் சாயக் கழிவு தேங்கும் குட்டையாயிற்று. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிடும் நிலை வந்தது. அப்போது நதியும் நலிந்தது. தொழிலாளர் வயிறும் காய்ந்தது. ஆதலால் சாயத் தொழிலே வேண்டாம் என்பது நம் வாதமன்று. அதனால் பிழைக்கும் குடும்பங்கள் பல. சிறு பட்டறைகள் ஒன்றுசேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கவும், அரசு அதற்குக் கை கொடுக்கவும் வேண்டும். சாயம் சேலையில் இருக்கட்டும், ஆற்றில் வேண்டாம்.

ஜப்பானியர் செர்ரி மலரும் நாளைப் பத்திரிகையில் பார்த்துக் குடும்பத்துடன் புறப்படுகிறார்கள். நம் வீட்டுக் குழந்தைகளும் ஒரு நோட்டுப் புத்தகத்தில், முதற்குயில் கூவிய நாள், வாலாட்டி வந்த நாள், தூக்கணாங்கூடு கண்ட நாள் என்று எழுதி வரட்டும். இரண்டாண்டு எழுதினால், எது வரத் தவறிற்று என்பதும் தெரிந்துவிடும். வராத பறவையைத் தேடும் குழந்தை, வளர்ந்தபின் ஆற்றில் கழிவைக் கொட்டச் சம்மதிக்காது. காவிரியைக் காக்கச் சட்டமும் வேண்டும். அதைத் தினந்தோறும் பார்க்கும் கண்களும் வேண்டும்.